பூசணியைக் குக்கரில் வேகவைப்பது: விசிலை விடுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள்

முதன்முறை குக்கரில் பூசணி வைத்தவர்களில் பலருக்கு ஒரே அனுபவம்தான். அழகாகத் துண்டு போட்டு உள்ளே வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்தால் துண்டுகளைக் காணவில்லை. எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. விரல் கணு அளவுக்கு நறுக்கினேன், துண்டுகள் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றினேன், மூன்று விசில் விட்டேன், ஆவி தானாக அடங்கட்டும் என்று காத்திருந்தேன். திறந்தபோது ஆரஞ்சு நிறத் தண்ணீரும் அதன் அடியில் கொஞ்சம் குழைசலும்தான் இருந்தன. நறுக்கிய அளவு, தண்ணீர், நேரம், காத்திருப்பு என நான்குமே பூசணிக்கு ஒவ்வாதவை என்பது பிறகுதான் விளங்கியது.

பருப்பையும் கிழங்கையும் வேகவைத்துப் பழகிய கை, பூசணியையும் அதே கணக்கில் வைத்துவிடுகிறது. பூசணி அந்த இனமே அல்ல. அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அதை வேகவைப்பதில் சிரமம் எதுவும் இல்லை. சரியான நேரத்தில் நிறுத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த நிறுத்தத்தைக் கைவசப்படுத்துவதற்காகத்தான்.

எந்தப் பூசணி?

பூசணி, பரங்கி, மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி என்று ஊருக்கு ஒரு பெயர் இருப்பதால் குழப்பம் வருவது இயல்பு. பெயரைவிடச் சதையின் தன்மைதான் சமையலுக்கு முக்கியம். இந்தக் காய்களில் பெரும்பாலானவை குக்குர்பிட்டா என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அமெரிக்கக் கண்டங்களில் தோன்றி, அங்கிருந்து உலகெங்கும் பரவியவை. வெண்பூசணி மட்டும் அதே பெரிய குடும்பத்தில் வேறொரு பேரினம். ஆசியாவுக்கு உரியது, தண்ணீர்ச்சத்து இன்னும் அதிகம்.

சமையலறைக் கண்ணோடு பார்த்தால் மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது, சதை வறண்டு மாவாக இருப்பவை. கபோச்சா என்ற கரும்பச்சைத் தோல் பூசணி இதற்கு நல்ல உதாரணம். வெந்ததும் அவித்த கிழங்கு போல உதிரும். இரண்டாவது, சதை நெருக்கமாகவும் வழவழப்பாகவும் இருப்பவை. நீண்ட கழுத்துடைய பட்டர்நட் இந்த வகை. துண்டு துண்டாக வேண்டுமென்றால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஒரு நிமிடம் கூடக்குறைய ஆனாலும் பொறுத்துக்கொள்ளும். மூன்றாவது, நாரும் நீரும் மிகுந்தவை. வெண்பூசணியும், பிஞ்சாகவே பறித்துச் சமைக்கும் சுரைக்காய் போன்ற ஜூக்கினியும் இதில் அடங்கும். உண்மையைச் சொன்னால் ஜூக்கினிக்குக் குக்கரே தேவையில்லை. திறந்த சட்டியில் ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும் காயை அழுத்தத்தில் வைத்துக் குழைப்பதில் எந்த லாபமும் இல்லை.

வாங்கும்போது முழுக் காயாக இருந்தால் கையில் தூக்கிப் பாருங்கள். பார்வைக்குத் தோன்றுவதைவிடக் கனமாக இருக்க வேண்டும். காம்பு காய்ந்து தக்கை போல இருந்தால் முற்றியது. தோலில் நகத்தை அழுத்தினால் எளிதில் பதியக் கூடாது. பளபளப்பாக மின்னும் தோல் பெரும்பாலும் முற்றாத காயின் அடையாளம். மங்கிய தோலே நல்லது. நறுக்கி விற்கும் துண்டென்றால், வெட்டிய பரப்பு வழவழவென்று கசியாமல், விதையும் நாரும் சதையோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

முற்றிய முழுக் காயை வெயில் படாத, காற்றோட்டமுள்ள, உலர்ந்த இடத்தில் பல வாரங்கள் வைத்திருக்கலாம். சில வகைகளில் அப்போது மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறி இனிப்பும் கூடும். வெட்டிவிட்டால் அந்த வசதி போய்விடும். விதையை வழித்தெடுத்து, மூடிக் குளிர்பெட்டியில் வைத்து நான்கைந்து நாளுக்குள் சமைத்துவிடுங்கள்.

சமைப்பதற்கு முன் ஒரு சுவை

இதை யாரும் தவிர்க்கக் கூடாது என்று நினைக்கிறேன். காயை வெட்டியதும், நகக்கண் அளவு பச்சைச் சதையை நாக்கில் வைத்துப் பாருங்கள். இனிப்பாகவோ சப்பென்றோ இருந்தால் சரி. கடுமையாகக் கசந்தால் உடனே துப்பிவிட்டு, முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின் என்ற பொருளால் வருவது. வயிற்றுக்கோளாறையும் வாந்தியையும் உண்டாக்கும். குக்கரில் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் போகாது, இனிப்போ காரமோ சேர்த்து மறைக்கவும் கூடாது. வீட்டில் சேமித்த விதையிலிருந்து முளைத்த கொடிகளில் இது வர வாய்ப்பு உண்டு. அலங்காரக் காய்களின் மகரந்தம் கலந்துவிட்டால் அடுத்த தலைமுறைக் காய் கசக்கலாம்.

கத்தி வழுக்காமல் வெட்ட

பூசணி சமையலில் ஆபத்தான கட்டம் குக்கர் அல்ல, கத்திதான். உருண்டையான, வழுக்கும், கெட்டியான காய்மேல் மொண்ணைக் கத்தியை வைத்து அழுத்துவது விரலைப் பணயம் வைப்பதற்குச் சமம்.

வெட்டுபலகைக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை மடித்துப் போடுங்கள், பலகை நகராது. முதலில் காம்புப் பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் மெல்லிய வில்லையாகச் சீவி எறியுங்கள். இப்போது காய் தட்டையாக நிற்கும். கத்தியின் முனையை நடுவில் இறக்கி, கைப்பிடியை மெதுவாகக் கீழே அழுத்துங்கள். ஓங்கி வெட்டாதீர்கள். கத்தி சிக்கிக்கொண்டால் இழுத்துப் பறிக்காமல், காயோடு சேர்த்து லேசாக ஆட்டி எடுங்கள். தோல் கல்லாக இருந்தால், முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் ஆழமாகக் குத்திவிட்டு மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்து எடுங்கள். கத்தி வியக்கத்தக்க அளவு சுலபமாக இறங்கும். குத்தாமல் வைக்காதீர்கள், உள்ளே ஆவி சேர்ந்து காய் வெடிக்கலாம்.

விதையையும் நாரையும் கரண்டியால் சுரண்டி எடுங்கள். பிசிர் எதுவும் விடாமல் எடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தளர்ந்த நாரும் விதைத்தோலும் கொதிநீரில் மிதந்து மேலே வந்து, ஆவி வெளியேறும் துளையில் போய் உட்காரலாம்.

தோல் சீவும்போது சிலருக்கு, குறிப்பாகப் பட்டர்நட் சீவும்போது, உள்ளங்கை இறுகி, பசை தடவியது போல ஆகி, பிறகு தோல் உரியும். காயின் பால் செய்யும் வேலை அது. கையில் முன்பே கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், அல்லது கையுறை போடுங்கள். மசியல்தான் வேண்டுமென்றால் தோலே சீவ வேண்டாம். பாதியாக வெட்டித் தோலோடு வேகவைத்தால் பிறகு கரண்டியால் சதை தானாக வழிந்து வரும். கபோச்சாவின் தோலைச் சாப்பிடவே செய்யலாம், நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும்.

துண்டின் அளவு: எந்த அளவானாலும் எல்லாத் துண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். சட்டியில் கொதிக்கும்போது சிறியதை முன்பே எடுத்துவிடலாம். மூடிய குக்கரில் அது நடக்காது. சிறியது கரையும்போது பெரியதன் நடு இன்னும் கெட்டியாக இருக்கும். தொடங்குபவர்கள் நாலு சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அங்குலத் துண்டாக வெட்டுங்கள். ஓர் அங்குலம் என்றால் தவறு செய்ய இடமே இல்லை. பட்டர்நட்டின் கழுத்துப் பகுதி அடர்த்தியானது. அங்கே வெட்டும் துண்டுகளைக் கொஞ்சம் சிறிதாக வைத்துக்கொண்டால் எல்லாம் ஒன்றாக வேகும்.

குக்கரைச் சோதித்தல்

சாதாரணச் சட்டியில் தண்ணீர் கடல்மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. எவ்வளவு தீ வைத்தாலும் அதற்குமேல் சூடு ஏறாது. மூடியை இறுக்கி ஆவியை உள்ளேயே அடக்கினால் அழுத்தம் கூடும், கொதிநிலையும் கூடவே ஏறும். அடுப்பில் வைக்கும் வழக்கமான குக்கர் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்ட் அழுத்தத்தில் இயங்கும்போது உள்ளே 120 டிகிரியை ஒட்டி இருக்கும். இந்த யோசனையை 1679 ஆம் ஆண்டிலேயே தெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு பாத்திரமாகச் செய்து காட்டினார். அவர் நோக்கம் எலும்பை மென்மையாக்குவது. எலும்பைக் குழைக்கப் பிறந்த கருவியில் பூசணி எத்தனை நிமிடம் தாங்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

மின்சாரக் குக்கர்களில் பல இதைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்கின்றன. அதனால் அவற்றில் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். கேஸ்கெட்டில் விரிசலோ இறுக்கமோ இல்லாமல் வளைகிறதா? ஆவித்துளை வழியே வெளிச்சம் தெரிகிறதா? மூடியைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தால் போதும். பாதுகாப்பு வால்வில் உணவுப் பிசிர் ஒட்டியிருக்கிறதா? இந்த மூன்றும் சரியாக இருந்தால் குக்கரைப் பார்த்துப் பயப்பட எதுவும் இல்லை. பாத்திரத்தை மூன்றில் இரண்டு பங்குக்குமேல் நிரப்பாதீர்கள். நுரைக்கும் பொருள் உள்ளே இருந்தால் பாதிக்குமேல் வேண்டாம்.

தண்ணீரில் அல்ல, தண்ணீருக்கு மேலே

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: துண்டுகளைத் தண்ணீரில் போடாதீர்கள். குக்கரின் அடியில் ஒரு கோப்பை, சுமார் 250 மில்லி, தண்ணீர் ஊற்றுங்கள். அதன்மேல் துளைத்தட்டையோ கால்வைத்த தட்டையோ வைத்து, அதன்மேல் துண்டுகளைப் பரப்புங்கள். தட்டு இல்லையென்றால் சிறு கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் துண்டுகள் உள்ள பாத்திரத்தை வைக்கலாம். பாத்திரத்தில் வைத்தால் சூடு உள்ளே போகச் சற்றுத் தாமதமாகும், இரண்டு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். குக்கரோடு வந்த கையேட்டில் குறைந்தபட்சத் தண்ணீர் இதைவிட அதிகமாகச் சொல்லியிருந்தால் கையேட்டின்படியே செய்யுங்கள். அடி வற்றினால் கருகிவிடும்.

பூசணிக்குத் தன்னுள்ளேயே தேவைக்குமேல் நீர் இருக்கிறது. ஆவியில் வெந்தால் சுவையும் சர்க்கரையும் சதையிலேயே தங்கும். தண்ணீரில் கிடந்தால் அவை வெளியே கரைந்துபோய், துண்டு நீர் குடித்த பஞ்சாகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. அதிகத் தண்ணீர் என்றால் அழுத்தம் ஏற அதிக நேரம். அந்த நேரம் முழுவதும் காய் வெந்துகொண்டேதான் இருக்கும். உங்கள் கணக்கில் வராத ஐந்தாறு நிமிடம் அப்படித்தான் நுழைகிறது.

அலுமினியக் குக்கர் என்றால் வெறும் தண்ணீர் கொதித்து உட்புறம் கறுக்கலாம். அடித்தண்ணீரில் ஓர் எலுமிச்சைத் தோலைப் போட்டுவிடுங்கள். காய் மேலே இருப்பதால் புளிப்பு அதைத் தொடாது.

உப்பை அடித்தண்ணீரில் போடுவதால் பயன் இல்லை, அது ஆவியோடு மேலே வராது. வெந்த பிறகு தூவுவதே நல்லது.

விசில் ஏன் கடிகாரம் ஆகாது

விசில் என்பது உள்ளே அழுத்தம் எல்லையைத் தொட்டதும் கொஞ்சம் ஆவி வெளியேறும் சத்தம். எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதை அது சொல்லாது. தீயைக் கூட்டி வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் இரண்டு வரும். சிறு தீயில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வரும். “பூசணிக்கு இரண்டு விசில்” என்று ஒருவர் சொல்வது அவருடைய அடுப்புக்கும் அவருடைய குக்கருக்கும் மட்டுமே பொருந்தும்.

நான் செய்யும் முறை இது. பெரிய தீயில் வைத்து, துளை வழியே ஆவி சீராகப் பீய்ச்சத் தொடங்கியதும் வெயிட்டைப் போடுவேன். முதல் விசில் வந்தவுடன் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பார்ப்பேன். அந்த நொடியிலிருந்துதான் கணக்கு. வெயிட் அவ்வப்போது லேசாக அசைந்தால் அழுத்தம் நிற்கிறது என்று அர்த்தம். விசில் அடிக்காமல் தண்டு உயரும் வகைக் குக்கர் என்றால், தண்டு முழு அழுத்தக் கோட்டைக் காட்டியதும் தொடங்குங்கள். மின்சாரக் குக்கர் தானே எண்ணிக்கொள்ளும்.

அழுத்தம் வந்த பிறகான நிமிடங்கள், ஆவியில் வேகவைக்கும்போது:

ஓர் அங்குலத் துண்டுகள்: 2 முதல் 3
ஒன்றரை அங்குலத் துண்டுகள்: 3 முதல் 4
மசிப்பதற்கான இரண்டு அங்குலத் துண்டுகள்: 6 முதல் 8
சிறிய காய், தோலோடு பாதியாக: 7 முதல் 8
ஸ்பகெட்டிப் பூசணி, பாதியாக: 7
வெண்பூசணி, ஒன்றரை அங்குலம்: 2

இவை தொடக்கப் புள்ளிகள்தான். காயின் வயதும் வகையும் ஒரு நிமிடம் முன்பின் ஆக்கும். சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணையே எடுங்கள். வேகாததைத் திரும்ப வேகவைக்கலாம், குழைந்ததைத் துண்டாக்க முடியாது. மலைப்பகுதியில், கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேலே வசிப்பவர்கள் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் நேரத்தில் 5 சதவீதம் கூட்டுவது பொதுவான கணக்கு. ஆனால் மூன்று நிமிடச் சமையலில் அது சில நொடிகள்தான்.

வெந்ததும் சதை சேமியா போல இழை இழையாகப் பிரியும் ஸ்பகெட்டிப் பூசணி பற்றி ஒரு வார்த்தை. அதன் இழைகள் காயின் நீளவாக்கில் ஓடுவதில்லை, இடுப்பைச் சுற்றி வளையமாக ஓடுகின்றன. நீளமான இழை வேண்டுமென்றால் நீளவாக்கில் பிளக்காமல் குறுக்கே வெட்டுங்கள்.

ஆவியை எப்போது, எப்படி விடுவது

அடுப்பை அணைத்ததும் வேகுவது நின்றுவிடுகிறது என்று நினைப்பதுதான் பலர் செய்யும் பிழை. உள்ளே இன்னும் 120 டிகிரி. தானாக அடங்க விட்டால் பத்து நிமிடத்துக்குமேல்கூட ஆகும். மூன்று நிமிடம் வேக வேண்டிய காய்க்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய தண்டனை.

அப்படியானால் உடனே ஆவியை வெளியேற்றிவிட வேண்டுமா? அதிலும் ஒரு சிக்கல். துண்டுக்குள் இருக்கும் நீரும் 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகியிருக்கிறது. வெளி அழுத்தம் திடீரென்று விழுந்தால் அந்த நீர் துண்டுக்கு உள்ளேயே கொதித்து ஆவியாகி, சதையைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. மூலைகள் உடைந்து, மேற்பரப்பு நொறுங்கிய துண்டுகளைப் பார்த்திருந்தால் காரணம் இதுதான்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. துண்டுகள் முழுதாக வேண்டுமென்றால் பட்டியலில் உள்ள நேரத்தில் ஒரு நிமிடம் குறைத்து அடுப்பை அணையுங்கள். குக்கரைச் சூடான அடுப்பிலிருந்து நகர்த்தி மூன்று நிமிடம் சும்மா விடுங்கள். பிறகு நீண்ட கரண்டியின் காம்பால் வெயிட்டைச் சிறிது சிறிதாகத் தூக்கி, மிச்ச ஆவியை விடுங்கள். முகமும் மணிக்கட்டும் ஆவியின் பாதைக்கு வெளியே இருக்கட்டும். மசியல் செய்வதென்றால் இந்தக் கவலை எதுவும் இல்லை, தானாகவே அடங்கட்டும்.

அடுப்புக் குக்கரைக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் காட்டிக் குளிர்விப்பதும் உண்டு. கையேடு அனுமதித்தால் மட்டும் செய்யுங்கள். தண்ணீர் மூடியின் ஓரத்தில் விழட்டும், ஆவித்துளைமேல் விழக் கூடாது. மின்சாரக் குக்கரில் இதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். எந்த வகையானாலும் மூடி இலகுவாகத் திறக்கவில்லை என்றால் உள்ளே அழுத்தம் இருக்கிறது என்று பொருள். பலம் காட்ட வேண்டாம், காத்திருங்கள்.

திறந்ததும்

மூடியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறங்கள். முதலில் வருவது இனிப்பு கலந்த மண்வாசனை போன்ற ஒரு வெதுவெதுப்பான மணம். நிறத்தைப் பாருங்கள். பச்சையாக இருந்தபோது வெளிறிய சுண்ணாம்பு பூசியது போலிருந்த சதை, இப்போது கண்ணாடித்தன்மை பெற்று அடர்ந்த ஆரஞ்சாக இருக்கும். பெரிய துண்டு ஒன்றில் முள்கரண்டியின் ஒற்றை முனையை இறக்குங்கள். குளிர்ந்த வெண்ணெயில் இறங்குவது போல மெல்லிய எதிர்ப்போடு இறங்கி, துண்டு முனையோடு மேலே வந்து இரண்டு நொடி தொங்கிப் பிறகு நழுவினால் கச்சிதம். எதிர்ப்பே இல்லாமல் இறங்கித் துண்டு பிளந்தால் மசிக்கும் பதம். நடுவில் கொரகொரவென்று தட்டினால் வேகவில்லை. அப்போது திரும்ப விசில் வைக்காதீர்கள். வெயிட் போடாமல் மூடியைச் சும்மா சார்த்தி, இரண்டு மூன்று நிமிடம் ஆவியில் விட்டால் போதும்.

துண்டுகளை உடனே தட்டோடு வெளியே எடுத்து, அகலமான தட்டில் பரப்புங்கள். குவியலாக விட்டால் தங்கள் சூட்டிலேயே தொடர்ந்து வேகும். பரப்பியதும் மேலே ஆவி பறக்கும். பறப்பது எல்லாம் தேவையற்ற நீர்தான். ஐந்து நிமிடத்தில் மேற்பரப்பு உலர்ந்து, துண்டு கெட்டிப்படும். இந்த ஐந்து நிமிடத்தை அவசரத்தில் விழுங்கிவிடுபவர்கள்தான் “குக்கர் பூசணி நீர்த்துப்போகிறது” என்று குறைப்படுகிறார்கள்.

குக்கரால் தர முடியாதது ஒன்று உண்டு: வறுத்த மணம். ஈரமான ஆவியில் எதுவும் பொன்னிறமாகாது. அது வேண்டுமென்றால், ஆறிய துண்டுகளை நன்கு சூடான அகலச் சட்டியில் கொஞ்சம் எண்ணெயோ வெண்ணெயோ விட்டு, கிளறாமல் இரண்டு நிமிடம் ஒரு பக்கம் சிவக்க விடுங்கள். கொழுப்பு சேர்ப்பது ருசிக்காக மட்டும் அல்ல. பூசணியின் ஆரஞ்சு நிறம் பீட்டா கரோட்டின், அது கொழுப்போடு சேர்ந்தால்தான் உடல் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும்.

புளிப்பு, பருப்பு, மசியல்

காய்களின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின். சூட்டில் அது தளர்வதால்தான் காய் மென்மையாகிறது. புளிப்பு இருந்தால் பெக்டின் மெதுவாகவே தளரும். தக்காளியோ புளியோ எலுமிச்சையோ முதலிலேயே சேர்த்தால் பூசணி வேகத் தாமதமாவது அதனால்தான். மசிய வேண்டுமென்றால் புளிப்பைக் கடைசியில் சேருங்கள். வேறு பொருள்களோடு நேரம் கூடுதலாக வேக வேண்டியிருந்து, துண்டு உருமாறாமல் இருக்க வேண்டுமென்றால் இதே குணத்தைச் சாதகமாக்கிக்கொண்டு, புளிப்பை முன்பே சேருங்கள். சமையல் சோடா இதற்கு நேர் எதிர், ஒரு சிட்டிகை விழுந்தாலும் துண்டு கரையும்.

பருப்போடு சேர்த்து வைப்பவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டால் பருப்பு வேகும்போது பூசணி இருந்த இடம் தெரியாது. முதலில் பருப்பைத் தனியே வேகவைத்து, திறந்து, பூசணித் துண்டுகளைச் சேர்த்து, மூடியைச் சார்த்தி அழுத்தம் இல்லாமலே எட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். ஒரே தடவையில் முடிக்க வேண்டும் என்றால் பூசணியைத் தோலோடு மூன்று அங்குலப் பெருந்துண்டாக வெட்டி மேலே தனித்தட்டில் வையுங்கள்.

மசியலைக் குக்கருக்குள் வைத்து மீண்டும் அழுத்தத்தில் காய்ச்சாதீர்கள். கெட்டியான குழம்பு அடியில் சுழலாமல் பிடித்துக் கருகும், மேலே கொப்பளித்து ஆவித்துளையை அடைக்கும். திறந்த பாத்திரத்தில் காய்ச்சுவதே சரி. மிக்ஸியில் அரைப்பதென்றால் ஆறவிட்டு அரையுங்கள். சூடாகவே அரைத்தால் ஜாரைப் பாதிக்குமேல் நிரப்பாமல், மூடியின் நடுத்துளையைத் திறந்து, மேலே துணி போர்த்தி அரையுங்கள். இல்லையென்றால் உள்ளே சேரும் ஆவி மூடியைத் தூக்கி எறியும். மசியல் நீர்த்திருந்தால் மெல்லிய துணியில் அரை மணி நேரம் வடியவிடுங்கள். வடியும் நீரைக் கொட்டாதீர்கள், இனிப்பான அந்த நீர் சூப்புக்கு நல்ல அடிப்படை. குக்கர் அடியில் எஞ்சிய தண்ணீரும் அப்படித்தான், எலுமிச்சைத் தோல் போடாதவரை.

மிச்சத்தை வைத்திருக்க

வெந்த பூசணியை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள். உறையவைக்கச் சிறந்தது மசியல்தான். ஒரு வேளைக்குத் தேவையான அளவாகப் பிரித்து, தட்டையாகப் பையில் கட்டி உறைபெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். துண்டுகளை உறையவைத்தால் உருகும்போது நீர்விட்டுத் தளர்ந்துவிடும், ஆனால் சூப்புக்கு ஆகும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். குக்கரில் வேகவைத்த மசியலைச் சூடாகக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து அலமாரியில் வைத்துப் பாதுகாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புளிப்பில்லாத, காற்றுப்புகாத புட்டிக்குள் பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். அதற்கென்றே உள்ள அழுத்தக் கலன்களில்கூட, ஓர் அங்குலத் துண்டுகளாக மட்டுமே பூசணியைப் புட்டியில் அடைக்கப் பரிந்துரைக்கிறார்கள். மசியலுக்குப் பாதுகாப்பான நேரக்கணக்கு வகுக்கப்படவில்லை. அது அவ்வளவு கெட்டி என்பதால் புட்டியின் நடுவுக்குச் சூடு ஒரே சீராகப் போய்ச்சேருவதில்லை.

விதைகளை எறிய வேண்டாம். நாரைக் கழுவி நீக்கி, உப்புத்தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வடித்து, துணியில் ஒற்றி, சிறு தீயில் வெறும் சட்டியில் வறுங்கள். முதலில் ஈரம் போகும் சீறல் கேட்கும். அது அடங்கி, விதைகள் ஒவ்வொன்றாகப் படபடக்கத் தொடங்கினால் இறக்கிவிடலாம்.

கடைசியாக, குக்கரைக் கழுவும்போது கேஸ்கெட்டைக் கழற்றித் தனியே கழுவுங்கள். ஆவித்துளையில் தண்ணீரைப் பாய்ச்சி, மறுபடி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடுத்து ஒரு காகிதத்தில் இன்று வைத்த காயின் வகை, துண்டின் அளவு, நிமிடம், திறந்தபோது இருந்த பதம் ஆகிய நான்கையும் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். நாலைந்து முறை சமைத்த பிறகு, என் பட்டியலை எடுத்துவிட்டு உங்கள் அடுப்புக்கும் உங்கள் குக்கருக்கும் உரிய அந்தக் காகிதத்தைப் பார்த்தே வையுங்கள்.